துடைத்து மாட்டிய கத்தரிக்கோல்

உன் கத்தரிக்கோல் வந்துவிட்டது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் தம்பி நேற்றுக் காலை பஸ் பிடித்து வந்து கொடுத்துவிட்டுப் போனான். ஒரு காக்கி உறை. அதற்குள் துணியில் சுற்றி, சணல் கட்டி, அரக்கு வைத்த பொட்டலம். "கேஸ் முடிஞ்சிடுச்சுன்னு குடுத்துட்டாங்கக்கா. வூட்ல வெச்சா அம்மா பாத்துப் பாத்து அழுவுது. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். சணலை அறுக்க என் கத்தரிக்கோல் கையருகிலேயே கிடந்தது. ஆனாலும் எழுந்துபோய் பிளேடு தேடி எடுத்துத்தான் அறுத்தேன். துணியைத் தவிர வேறெதையாவது அதால் வெட்டினால் நீ எப்படிக் கத்துவாய் என்று எனக்குத் தெரியாதா?

பிரித்ததும் அரக்கு வாசனை வந்தது, கூடவே துரு வாசனை. இரண்டு அலகும் பழுப்பேறி, திருகு இறுகி, விரித்தால் விரியவில்லை. துடைத்துவிட்டாள், துடைத்துவிட்டாள் என்று உன்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டவர்கள், இதை எடுத்துப்போன நாள் முதல் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நேற்று முழுக்க எரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன் பெயரை இதில் எழுதமாட்டேன். அதை எழுதவேண்டியவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள், 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

நாம் இருவரும் ஒரு துணிக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவர்கள். சூப்பர்வைசரின் வாயைத் தாங்கமுடியாமல் ஒருநாள் நான் எழுந்து கத்த, நீ ஒரு வார்த்தை பேசாமல் உன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டாய். அப்படித்தான் செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் நம் கடை பிறந்தது. கத்துகிறவள் நான், பின்னால் வந்து காரியத்தைப் பார்க்கிறவள் நீ. கடைசிவரை அதுதான் நம் ஏற்பாடு. ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் நான் இடுப்பில் கை வைத்து நிற்பேன். நீ என்னைத் தள்ளிவிட்டு, "குடுங்கம்மா, பிரிச்சுத் தச்சுத் தர்றேன். சாயங்காலம் வாங்க" என்பாய். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, "உனுக்கு கோவம் ஜாஸ்தி, கஸ்டமர் கம்மி" என்று சிரிப்பாய்.

கடை என்றால் எவ்வளவு பெரிய கடை? ஆள் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் சுவரில் இடிக்கும். முன்னால் ஒரே வாசல். இடது பக்கம் என் மிஷின், வலது பக்கம் தைத்த துணி வைக்கும் பீரோ, பின்சுவரை ஒட்டி நீ துணி வெட்டும் மேசை. மேலே குறுக்கே ஒரு கம்பி, அதில் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தைக்கக் கொடுத்த வெள்ளை ஜிப்பாக்கள் தொங்கும். பின்வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

கத்தரிக்கோல் விஷயத்தில் மட்டும் நீ பொல்லாதவள். சாயங்காலம் கடை மூடும்முன் வெட்டுத்துணி ஒன்றை எடுத்து இரண்டு அலகையும் துடைத்து, திருகில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு, இரண்டு தடவை விரித்து மூடி, மேசைக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டுவாய். சாயங்காலம் மட்டுமா? வியர்வைக் கை பட்டாலும், டீ தெறித்தாலும், போட்ட வேலையைப் போட்டுவிட்டு அதே துடைப்பு, அதே எண்ணெய், அதே ஆணி. "இன்னாடி இது, கொழந்தைக்கு மூக்கு தொடைக்கிற மாதிரி" என்று நான் கேலி செய்தால், "இரும்புக்கு ஈரம் ஆவாதுடி" என்பாய். நாளடைவில் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. தையற்கடையில் கொஞ்சநாள் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது நினைத்துச் செய்கிற காரியமில்லை, கை அதுபாட்டுக்குச் செய்துவிடும். ஆனால் யார் கேட்டார்கள்?

அன்றைக்குப் பௌர்ணமி. ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம். வழக்கமாக அன்று நாம் கடை திறப்பதில்லை. சங்கீதாவுக்காகத்தான் திறந்தோம். அடி அண்ணாமலையிலிருந்து வந்து நமக்குக் கொக்கி வைத்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுக்கிற சங்கீதா. புருஷன் அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவள். பௌர்ணமியானால் அவன் குடித்துவிட்டு அந்தப் பக்கம்தான் சுற்றுவான், வீட்டில் இருக்க பயமாக இருக்கிறது என்றாள். "கடைக்கு வந்துடு, வேலையும் ஆச்சு" என்றாய். அவ்வளவுதான் நீ செய்த குற்றம்.

காலை வெயில் ஏறும் நேரம். நீ மேசையில் கரும்பச்சைத் துணி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாய். சங்கீதா கீழே பாயில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து வாசலில் நின்றான். கையில் இளநீர் வெட்டும் கத்தி. பௌர்ணமியன்று நம் ஊரில் இளநீர்க் கத்தியோடு தெருவில் நடக்கிறவனை யார் ஏறிட்டுப் பார்ப்பார்கள்? ஏதோ கடைக்காரன் என்று நினைப்பார்கள். சங்கீதா கத்தினாள். மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில்தான் நீ திரும்பினாய், வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலோடு.

அப்போதும் நீ அவனிடம் என்ன பேசினாய் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "இன்னாப்பா, கத்திய கீழ போடுப்பா. உக்காந்து பேசிக்கலாம்."

"தள்ளு. அவள வெளிய அனுப்பு."

"கத்திய போடுப்பா மொதல்ல."

அவன் ஓங்கினான். மேலே இருந்த கம்பியில் பட்டு, ஜிப்பா ஒன்றைக் கிழித்துக்கொண்டு கத்தி இறங்கியது. நீ இடது கையைத் தூக்கினாய். உள்ளங்கையைக் கீறிக்கொண்டு போயிற்று. கம்பி இல்லாவிட்டால் அன்றைக்கே உன்னை எடுத்துப் போயிருப்பார்கள். அவன் மறுபடி ஓங்க, உன் வலது கை முன்னால் போனது. ஒரே குத்து, அவன் தோளுக்குக் கீழே. கத்தி கீழே விழுந்தது. நான் அதைக் காலால் பீரோவுக்கு அடியில் தள்ளினேன். அவன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மறுபடி நீ அவனைத் தொட்டாய்தான், கட்டுப் போடுவதற்கு. லைனிங் துணியைக் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டினாய். உன் உள்ளங்கையில் ஒழுகிக்கொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தாய்.

போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் நான் போன் போட்டேன். வருவதற்கு நேரமாகிவிட்டது. பந்தோபஸ்துக்கு மொத்தப் பேரும் கிரிவலப் பாதையில். கூட்டத்தைக் கடந்து ஒரு வண்டி உள்ளே வரமுடியவில்லை. அந்த இடைவெளியில்தான் நீ அதைச் செய்தாய். மேசைமேல் ரத்தம் பட்டுக் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாய், வெட்டுத்துணியால் துடைத்தாய், திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாய், ஆணியில் மாட்டினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணன் சத்தம் கேட்டு ஓடிவந்து நின்றிருந்தார். அவரும் பார்த்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததடி ஊரின் உபதேசம். "ஓடியிருக்கலாமே?" எங்கே ஓடுவது? வாசலை அடைத்துக்கொண்டு அவன் நிற்கிறான். "கையில அடிச்சு கத்திய தட்டிவிட்டிருக்கலாமே?" சினிமாவில் தட்டிவிடுவார்கள். "அவளை வெளிய அனுப்பிட்டு பேசியிருக்கலாமே?" இதைச் சொன்னவரை நான் கடைப்பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவாடை தைக்கக் கொடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுமே, அது கண்ணை மூடிக்கொண்டு, "நீங்கள் அவனுக்கு அன்பு அனுப்பியிருக்கலாம்" என்றது. நீ சிரித்துக்கொண்டே, "அனுப்ப நேரமில்லீங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை எட்டுகிற தூரத்தில் ஒருவன் கத்தியோடு நின்றால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை. தெரியாமலேயே தீர்ப்புச் சொன்னதுதான் தப்பு. சிலர் நீ யார், அவன் யார் என்று பார்த்து சாதி, மதம் என்று வேறு சாயம் பூசவும் கிளம்பினார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்தில் இருக்கிற உங்கள் வீட்டு வாசலில் நின்று, நீ எந்த ஊர் என்று கேட்டான் ஒருவன்.

ஸ்டேஷனில் இரண்டு பேர் மேலும் கேஸ் போட்டார்கள். வெட்ட வந்தவன் மேல் ஒன்று, தடுத்த உன் மேல் ஒன்று. அதுதான் நியாயமாம். பெரிய மனுஷர்கள் நாலு பேர் வந்து சமாதானம் பேசினார்கள். கோபத்தில் குத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று நீ எழுதிக்கொடுத்தால் அவனும் வாபஸ் வாங்கிக்கொள்வான், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எனக்கே சபலம் தட்டியது. எழுதிக்கொடுத்துத் தொலையேன் என்றேன். நீ வெட்டிய துணியை மடித்துக்கொண்டே சொன்னாய்:

"கோவத்துல குத்தலடி. கோவம் வர்றதுக்கு எங்க நேரம் இருந்துச்சு? அவனும் இருக்கணும், நாமளும் இருக்கணும்னுதான் கை போச்சு. அத கோவம்னு எப்பிடி எழுதுவேன்?"

அதற்கப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொன்றுக்கும் இஸ்திரி போட்ட புடவையில் போய் நின்றாய். உன்னைக் குற்றமில்லாதவள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்த நாற்காலியிலிருந்து வரவேண்டும். அது போதும் என்பாய். நானும் சாட்சி சொன்னேன், சங்கீதாவும் சொன்னாள். நான் கூட்டாளியாம், அவள் காரணக்காரியாம், எங்கள் பேச்சு எடுபடவில்லை. ஜெராக்ஸ் அண்ணன் பேச்சு எடுபட்டது. "அந்தம்மா கத்தரிக்கோல தொடைச்சு, எண்ணெய் போட்டு, ஆணியில மாட்டுச்சுங்க" என்றார். அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். உயிருக்குப் பயந்து குத்திய பெண் நிதானமாகத் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுவாளா? தடயத்தை அழிக்கத்தானே? ஏன் துடைத்தாய், சொல் என்றார்.

"தொடைக்கலன்னா துரு புடிச்சிடுங்க ஐயா" என்றாய்.

கோர்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. நீ வெள்ளந்தியாக எல்லோரையும் திரும்பிப் பார்த்தாய், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. உள்ளங்கைத் தழும்பை யாருக்கும் காட்டத் தோன்றவில்லை உனக்கு. வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது என்னைக் கேட்டாய்: "ஏண்டி, நெசமாவே எனக்கு பயம் இல்லாம இருந்துச்சோ? பயந்தவ மாதிரியே நான் நடந்துக்கலியோ?" ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் உன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். வெட்ட வந்தவனைக்கூட நான் ஒருநாள் மன்னித்துவிடலாம். இதை மன்னிக்கமாட்டேன்.

தீர்ப்புக்கு நீ இருக்கவில்லை. காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் மார் வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தாயாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. உன்னை எடுத்துப் போகும்போது நான் தெருமுனையில் நின்றேன். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்பட்டது என்று எழுதினார்கள். குற்றவாளி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இஸ்திரி போட்ட புடவையில் அத்தனை நாள் நீ காத்திருந்த அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவே இல்லை. இனிமேல் சொல்லவும் மாட்டார்கள்.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துருவைத் தொடவில்லை. அப்படியே இருக்கட்டும், வருகிறவர்களெல்லாம் பார்க்கட்டும் என்று வீம்பாக விட்டிருந்தேன். ஜெராக்ஸ் அண்ணன், பை ஜிப் மாற்றவேண்டும் என்று வந்தார். அதைப் பார்த்தார்.

"அட, வந்துடுச்சா? பாவம்மா. நல்ல பொம்பள. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் ஓடியிருந்தா..."

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. எழுந்தேன். "உள்ள வாங்கண்ணா" என்றேன். வந்தார். "அந்த மேசைகிட்ட போய் நில்லுங்க." நின்றார். நான் துணி அளக்கும் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். அவன் நின்ற அதே இடம்.

"ஓடுங்கண்ணா" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "இன்னாம்மா நீ..."

"ஓடுங்க. ஓடியிருக்கலாம்னு சொன்னீங்கல்ல? எந்தப் பக்கம் ஓடுறீங்கன்னு பாக்கறேன்."

இடது பக்கம் பார்த்தார், என் மிஷின். வலது பக்கம் பார்த்தார், பீரோ. பின்னால் மேசையும் சுவரும். மேசைக்கு அடியில் பார்த்தார். அங்கே சங்கீதா, அன்றிலிருந்து அதுதான் அவள் இடம், தலையைத் தூக்காமல் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது நான் ஸ்கேலை ஓங்கினேன். சட்டென்று அவர் கை முகத்துக்கு முன்னால் வந்தது.

"கை எப்பிடி வந்துச்சு? யோசிச்சா தூக்குனீங்க? அந்தக் கையில கத்தரிக்கோல் இருந்திருந்தா?"

அவர் கையைக் கீழே இறக்கினார். நான் ஸ்கேலைப் போட்டுவிட்டு வந்து மேசையருகே நின்றேன். அவரை இன்னும் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பொண்ணு அந்த மேசைக்கு அடியில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன், அதுவரை நினைவிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். என் இடது கையில் உன் கத்தரிக்கோல் இருந்தது. வலது கையில் வெட்டுத்துணி. துடைத்துக்கொண்டிருந்தேன். எப்போது எடுத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. திருகில் எண்ணெய்கூட விட்டிருந்தேன். கை நடுங்கியதில் பாதி மேசையில் கொட்டிக் கிடந்தது.

"இப்பிடித்தாம்மா" என்றார் அவர், மெதுவாக. "அன்னிக்கும் அந்தம்மா கை இப்பிடித்தான் நடுங்குச்சு. எண்ணெய்ல பாதி கீழதான் ஊத்துச்சு. ஆணியில மாட்டவே முடியல. ரெண்டு மூணு வாட்டி மாட்டி, மாட்டி..."

"இத கோர்ட்ல சொன்னீங்களா?"

"தொடைச்சாங்களானு கேட்டாங்க, ஆமான்னேன். நடுங்குச்சானு யாரும் கேக்கலயேம்மா."

"கேக்கலன்னா?" என்று கத்தினேன். "கேக்கலன்னா வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் பையை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஜிப் இன்னும் மாற்றவில்லை. மாற்றிக் கொடுத்துவிடுவேன், நீ இருந்தால் அதைத்தான் செய்வாய். ஆனால் எப்போது என்று சொல்லமாட்டேன்.

உனக்குச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும். மரத்தடியில் நின்று என்னைக் கேட்டாயே, பயந்தவள் மாதிரி நான் நடந்துகொள்ளவில்லையோ என்று? அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீ துடைத்ததைப் பார்த்தேனே தவிர உன் கையை உற்றுப் பார்க்கவில்லை, பாதிக் கண் அவன் மேலேயே இருந்தது. இப்போது சொல்கிறேன். நீ நடுங்கினாய். பார்த்த ஆள் இருக்கிறார். நீ பயந்துதான் இருந்தாய், மற்ற எல்லோரையும் போல. பயத்திலும் உன் கை அதற்குத் தெரிந்ததைச் செய்தது, அவ்வளவுதான்.

துரு பாதிதான் போயிருக்கிறது. மீதியை சங்கீதா தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சாணை பிடித்தால் மறுபடி துணி வெட்டும் என்கிறாள். உன் ஆணி அப்படியே இருக்கிறது, அதில்தான் மாட்டப்போகிறோம், வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி. இனி எவன் வந்து ஓடியிருக்கலாமே என்று சொன்னாலும் அந்த மேசையருகே நிற்கவைத்து ஸ்கேலை எடுப்பேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்பாய். ஆமாம், ஜாஸ்திதான். கோபம் வர நேரம் எங்கே இருந்தது என்று கேட்டாயே, உனக்குத்தான் இருக்கவில்லை. எனக்கு நிறைய இருக்கிறது.